ரோடு பைக்கில் ஏரோபாரா, தனி ட்ரை பைக்கா?

சைக்கிளில் காவேரிப்பட்டினம் வருவதற்குள் எனக்குத் தொடை வயிற்றில் இடிக்க ஆரம்பித்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிப் பக்கம் விடியற்காலையில் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் அது. அதற்குள்ளேயே முழங்கையை ஊன்றும் மெத்தையான பேடிலிருந்து எடுத்து நிமிர்ந்துவிடுவேன். ரோடு பைக்கில் கிளிப்-ஆன் ஏரோபார் (முழங்கையை ஊன்றி, முன்னால் நீட்டிப் பிடிக்கும் கம்பி) மாட்டியதே முன்னால் குனிந்து படுத்து ஓட்டத்தான், நானோ பாதி தூரம் நிமிர்ந்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் இப்படிப் போனது. அப்புறம் தர்மபுரி நண்பர் ஒருவர், "நம்ம வண்டிய ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கண்ணா" என்று தன் ட்ரை பைக்கைக் கொடுத்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்கென்றே செய்த சைக்கிள் அது. இரண்டையும் ஒரே சாலைகளில் ஓட்டிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

பெரிய வித்தியாசம் ஹேண்டிலில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்ததோ சீட்டுக்குக் கீழே. ரோடு பைக்கில் சீட்டைத் தாங்கும் குழாய் தரையிலிருந்து பெரும்பாலும் 72 முதல் 74 டிகிரி கோணத்தில் நிற்கும். ட்ரை பைக்கில் 76 முதல் 80 வரை போகும். கேட்க நாலைந்து டிகிரிதான். ஆனால் ரோடு பைக்கில் இடுப்பு பெடலுக்கு நன்றாகப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்தபடியே முன்னால் படுத்தால் நெஞ்சுக்கும் தொடைக்கும் நடுவில் இடமே மிஞ்சாது. கால் மேலே வரும் ஒவ்வொரு முறையும் வயிறு அமுங்கும், மூச்சு பாதியில் நிற்கும். ட்ரை பைக் மொத்த உடம்பையும் முன்னால் உருட்டி வைக்கிறது. முதுகு அதே அளவு தாழ்ந்துதான் இருக்கிறது, இடுப்பு மடிப்பு மட்டும் விரிகிறது. முதல் நாளே வயிற்றிலிருந்து மூச்சு விட முடிந்தது.

தோள் விஷயமும் அப்படித்தான். ட்ரை பைக்கில் பேட் முழங்கைக்குச் சற்று முன்னால் வந்து உட்காரும். மேல்கை தூண் மாதிரி நிற்பதால் எடையை எலும்பு தாங்கும். என் ரோடு பைக்கில் பேட் ஒரு சாண் தள்ளியே இருந்தது. கையை நீட்டித்தான் படுக்க வேண்டும், அப்போது தாங்குவது தசை. நாற்பது நிமிடத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கல்லாக இறுகிவிடும்.

1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் என்ற வீரர் ஏரோபார் பிடித்து ஓட்டி, மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். அன்று ஓட்டியது 24.5 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு எந்த வலியையும் பல்லைக் கடித்துத் தாங்கலாம். நீண்ட தூர ட்ரையத்லானில் அப்படியில்லை. அரை அயர்ன்மேனில் (70.3 என்பதும் இதுதான்) நமக்குச் சைக்கிள் மட்டும் 90 கிலோமீட்டர், முழு அயர்ன்மேனில் 180. அதற்குப் பிறகு ஓடவும் வேண்டும்.

அப்படியானால் ட்ரை பைக்தானே? படுத்தே இருக்க முடிந்தால் சந்தேகமே இல்லாமல் அதுதான். நம் சாலைகளில் அதற்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பாருங்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் மொபெட் வரும். ராயக்கோட்டை ரோட்டில் வேகத்தடை, ஏற்றம், நாய். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் வளைவுகளில் யாரும் படுத்து ஓட்டக் கூடாது. ட்ரை பைக்கின் ஏரோபாரில் கியர் இருக்கிறதே தவிர பிரேக் வெளிப்பக்க ஹேண்டிலில் இருக்கிறது. எழுந்து கையை மாற்றினால்தான் பிடிக்க முடியும். அந்த ஹேண்டிலோ தாழ்வானது. அதைப் பிடித்தபடி ஏற்றம் ஏறினால் மணிக்கட்டு கெஞ்சும். ரோடு பைக்கில் பிரேக் லிவர் மேல் கையை வைத்து எத்தனை மணி நேரமும் போகலாம்.

அதனால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் ரோடு பைக்கைத் திருத்தினேன். சீட்டை முன்னால் தள்ளினேன், அதனால் பெடல் கிட்டே வந்துவிட்டதால் கொஞ்சம் உயர்த்தினேன். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகப் போட்டேன், பேடை உயர்த்த அடியில் ஸ்பேசர் வைத்தேன். பெடல் மாட்டும் கையான கிராங்க்கை 172.5 மில்லிமீட்டரிலிருந்து 165-க்கு மாற்றினேன். கிராங்க் குறைந்ததில் 7.5, அதற்கேற்ப சீட்டை ஏற்றியதில் இன்னொரு 7.5. ஆக, கால் மேலே வரும்போது இடுப்பிலிருந்து பெடல் வரை 15 மில்லிமீட்டர் கூடுதல் இடம். வயிற்றில் இடிப்பது நின்றது. ஆனால் இலவசமாக வரவில்லை. சீட் முன்னால் போனதால், ஏரோபாரை விட்டுச் சாதாரணமாகப் பிடிக்கும்போது உள்ளங்கையில் பாரம் கூடிவிட்டது. ஒகேனக்கல் இறக்கத்தில் முன்சக்கரம் கனப்பது நன்றாகத் தெரிகிறது.

எந்த வண்டியானாலும் முதல் செலவு சீட்டுக்குத்தான் என்பேன். படுத்தால் இடுப்பெலும்பு முன்னால் உருண்டுவிடுகிறது. பின்பக்க உட்காரும் எலும்பில் இருந்த எடை மெல்லிய முன்பகுதிக்கு வந்து நரம்பையும் ரத்தக்குழாயையும் நசுக்குகிறது. அந்த மரத்துப்போதலை 'பழகிவிடும்' என்று நானும் விட்டுவைத்தேன். அது பழகும் வலி இல்லை, உடனே இறங்க வேண்டிய அறிகுறி. மூக்கு குட்டையாக, நடுவில் பிளந்த சீட் போட்ட வாரமே போய்விட்டது. ஆண், பெண் யாராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் 70.3-க்குத் தயாராகிறவர் ரோடு பைக்கையே திருத்திக்கொள்ளட்டும். ஒரு போட்டி முடித்து, முழு அயர்ன்மேன்தான் என்று முடிவானால் ட்ரை பைக் பக்கம் போகலாம். எனக்கு இப்போது தர்மபுரி வரை படுத்தே போக முடிகிறது. திரும்பும்போது இடது தோள் மட்டும் இன்னும் இறுகுகிறது. வரும் ஞாயிறு அந்தப் பக்கத்துப் பேடை அரை சென்டிமீட்டர் வெளியே தள்ளிப் பார்க்கப் போகிறேன்.