நியூயார்க் டாம்ப்கின்ஸ் சதுக்க நாய்த் திடல்: ஒரு மதிப்புரை

மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், ஏ அவென்யூவுக்கும் பி அவென்யூவுக்கும் நடுவே, ஏழாம் தெருவிலிருந்து பத்தாம் தெரு வரை நீண்டு கிடக்கிறது டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்கா. அதன் மொத்தப் பரப்பு 10.5 ஏக்கர். அதற்குள் வேலி போட்டு ஒதுக்கிய ஒரு துண்டு நிலத்தில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதுதான் நியூயார்க் நகரத்தின் முதல் நாய்த் திடல். உள்ளூரில் இதை 'டாக் ரன்' என்பார்கள். நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் நாய்களுக்கென்று சிறிய இடம் ஒன்றை ஏற்படுத்த நினைக்கும் எவரும் ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டிய இடம் இது என்பது என் கருத்து. நாயை அழைத்துக்கொண்டு வாடிக்கையாகப் போய்வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வீட்டுக் காம்பவுண்டுக்குள் நாயை அவிழ்த்துவிட்டு வளர்த்துப் பழகிய நம்மவர்களுக்கு, இப்படி ஓர் இடம் எதற்கு என்று முதலில் விளங்காது. நியூயார்க்கில் பொது இடத்தில் நாயை ஆறடிக்கு மேல் நீளாத வாரில் பிடித்தே நடத்த வேண்டும் என்பது சட்டம். சென்ட்ரல் பார்க், புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பார்க் போன்ற பெரிய பூங்காக்களின் சில பகுதிகளில் மட்டும், காலையில் பூங்கா திறந்ததிலிருந்து ஒன்பது மணி வரையிலும், இரவு ஒன்பது மணியிலிருந்து பூங்கா மூடும் வரையிலும் வாரை அவிழ்த்துவிடலாம். பல ஆண்டுகள் வெறும் வழக்கமாக இருந்த இந்தச் சலுகை 2007இல்தான் முறையான விதியாக எழுதப்பட்டது. லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில், சின்னஞ்சிறு வீட்டில் நாயோடு குடியிருக்கும் ஒருவருக்குப் பகல் வேளையில் அதை ஓடவிட வேலியிட்ட திடலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அதனால் இத்தகைய இடத்தை மதிப்பிடும்போது அது எத்தனை பெரியது, எத்தனை அழகானது என்று நான் பார்ப்பதில்லை. முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். திடல் அமைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவதும் அதில்தான்.

புல் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இங்கே இருப்பது மணல். சிறிய இடத்தில் காலை முதல் இரவு வரை நாய்கள் ஓடிக்கொண்டே இருந்தால் எந்தப் புல்லும் ஒரு பருவம்கூடத் தாங்காது. வேர் அறுந்து, மண் இறுகி, சிறுநீரில் உள்ள நைட்ரஜன் மிஞ்சிப்போனதால் வட்டம் வட்டமாகக் கருகி, அடுத்த மழைக்கு வெறும் சேறாகிவிடும். மரச்சில்லுகளைப் பரப்புவது மலிவான வழிதான். ஆனால் அவை ஈரத்தைப் பிடித்துவைத்து மட்கத் தொடங்கும், சிறுநீர் சிதைந்து அமோனியா வாடை கிளம்பும், சிலாம்பு பாதத்தில் ஏறும், சில்லுகளுக்கு அடியில் கிடக்கும் மலம் யார் கண்ணிலும் படாது. கான்கிரீட்டைக் கழுவுவது எளிது என்றாலும், வேகமாக ஓடி வந்து சட்டென்று திரும்பும் நாயின் பாதத்தோலை அது உரித்துவிடும். செயற்கைப் புல் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். நகரின் வேறொரு பகுதியில் அப்படி விரித்த திடல் ஒன்றுக்கு ஜூலை மாதத்து மதியத்தில் போனபோது, எங்கள் நாய் சில எட்டுகள் வைத்ததுமே நின்று, முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கத் தொடங்கியது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. அன்றிலிருந்து பச்சை நிறத்தைக் கண்டு நான் மயங்குவதில்லை.

2007–2008இல் 4,50,000 டாலர் செலவில் சீரமைக்கப்பட்ட டாம்ப்கின்ஸ் திடலின் மணற்பரப்பு பார்வைக்கு எளிமையானது, நாய்க்கு இதமானது. மழைநீர் மேலே தேங்காமல் கீழே இறங்குகிறது, மலம் பளிச்சென்று தெரிகிறது, தோண்டிப் பார்க்கும் குணமுள்ள நாய்களுக்குத் தோண்டுவதற்கும் ஏதோ கிடைக்கிறது. மணலுக்கே உரிய குறைகளும் உண்டு. வறண்ட நாளில் புழுதி எழும், ஈர நாளில் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுச் சோபா வரை வரும், ஓட்டத்தில் சிதறிப்போவதை அவ்வப்போது கொட்டி நிரவ வேண்டும். இந்த நிரவும் வேலைக்கு ஆள் இல்லாத திடலில் மணலைப் போடக் கூடாது என்றுகூடச் சொல்வேன். எந்தப் பரப்பைத் தேர்ந்தாலும், அதற்கடியில் ஜல்லியும் வடிகாலும் சரியான சரிவும் இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே வாடை வந்துவிடும். திடல் அமைக்கும் செலவில் கணிசமான பங்கு இப்படி மண்ணுக்கு அடியில் போய் மறைவதால், வேலியையும் பெஞ்சையும் மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் அண்டைவீட்டாருக்கு அந்தத் தொகை எப்போதும் அதிகமாகத்தான் தோன்றும்.

நிழலுக்குக் குறைவில்லை. அமெரிக்க எல்ம் மரங்களுக்குப் பெயர்பெற்ற பூங்கா இது. திடலுக்குள்ளும் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் நிழலில் மேசைகளோடு கூடிய இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். நாய்த் திடலுக்குள் மரம் வளர்ப்பது சாதாரண வேலை அல்ல. கால்பட்டு இறுகிய மண்ணில் வேர் மூச்சுவிடத் திணறும், அடிமரத்தில் நாள்தோறும் சிறுநீர் படும். சுற்றிலும் தடுப்பு வைத்துக் காக்காவிட்டால் நகரத்து மரம் நெடுநாள் தாங்காது. 1966 அக்டோபரில், இஸ்கான் (ஹரே கிருஷ்ண) இயக்கத்தை நிறுவிய பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் தம் சீடர்களோடு அமர்ந்து ஹரே கிருஷ்ண மந்திரம் பாடியது இதே பூங்காவின் ஓர் எல்ம் மரத்தடியில்தான். அந்த மரம் திடலுக்கு வெளியே நிற்கிறது. அதற்கு இந்தக் கவலை இல்லை.

கதவு இரட்டைக் கதவு. வெளிக்கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, அதைச் சாத்தித் தாழிட்ட பிறகே உட்கதவைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு கூண்டில் வைத்தே வாரை அவிழ்த்துவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் பயத்தால் வாரோடேயே நாயை உள்ளே இழுத்துப் போவார்கள். மற்றவை எல்லாம் கட்டின்றித் திரியும்போது ஒன்று மட்டும் கட்டுண்டு நின்றால், விலகி ஓட வழியில்லாத அந்த நாய் மிரண்டு பல்லைக் காட்டும்; திடல்களில் மூளும் சண்டைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. புதிய நாய் வரும்போது உள்ளே இருப்பவை எல்லாம் உட்கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டம் கலையும் வரை கூண்டிலேயே நிதானமாக நின்றால் போதும். எங்கள் நாய் அந்த நேரத்தில் வாலை இடுக்கிக்கொண்டு என் முழங்காலுக்குப் பின்னால் ஒளியும். கூட்டம் கலைந்து உட்கதவு திறந்ததும் அதே நாய்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடும்.

சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு இருப்பது நல்ல ஏற்பாடு. நாலைந்து கிலோ எடையுள்ள சிவாவா இனக் குட்டை நாய் ஒன்று ஓடும்போது, பெரிய நாய்க்கு அது விளையாட்டுத் தோழனாகத் தெரியாமல் துரத்த வேண்டிய இரையாகத் தெரிந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

தண்ணீர் ஏற்பாடுதான் இந்தத் திடலின் தனிச்சிறப்பு. மூன்று நீச்சல் தொட்டிகள், குளிப்பாட்டும் இடம், பீய்ச்சிக் கழுவக் குழாய்கள் என்று நகர நடுவிலுள்ள சிறு திடலில் எதிர்பார்க்க முடியாத வசதிகள் இருக்கின்றன. ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் கனத்த ரோமமுள்ள நாய்கள் தொட்டியில் வயிறு நனையப் படுத்துக்கொண்டு எழ மறுப்பதும், எஜமானர்கள் கெஞ்சுவதும் பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் பல நாய்கள் பகிரும் தண்ணீர் எந்த ஊரிலும் கவனத்துக்குரியது. நியூயார்க் நகரில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் பரவும் எலிக்காய்ச்சல் நாய்களைத் தாக்கி, அவற்றின் வழியாக மனிதருக்கும் வரக்கூடியது. ரேபிஸ் தடுப்பூசியைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. எலிக்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் நீங்களாகவே கேட்டு நாய்க்குப் போட்டுவிடுவது நல்லது. குடிக்கும் தண்ணீருக்கு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுபோவது என் வழக்கம்.

இத்தனையும் நடப்பது யாரால் என்பதுதான் திடல் அமைக்க விரும்புகிறவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். நியூயார்க்கில் நிலம் நகரப் பூங்காத் துறையுடையது. அன்றாடம் பார்த்துக்கொள்வது அங்கே நாய் கொண்டுவரும் தன்னார்வலர்களின் குழு. மலம் அள்ளும் பை தீர்ந்தால் வைப்பதும், தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும், நன்கொடை திரட்டுவதும் அவர்கள் வேலை. நாயின் மலத்தை உரியவரே எடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நகரில் 1978இல் வந்தது, மீறினால் 250 டாலர் வரை அபராதம். ஆனால் திடலுக்குள் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அதிகாரி அல்ல, பக்கத்தில் நிற்பவரின் குரல்தான். கைப்பேசியில் மூழ்கியிருப்பவரிடம், அந்த மூலையில் உங்கள் நாய் மலம் கழித்துவிட்டது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கோபம் இருக்காது, தயக்கமும் இருக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஹாலோவீன் சமயத்தில் நடந்துவரும் நாய்களின் மாறுவேட ஊர்வலமும் இந்தக் குழுவின் முயற்சியில் பிறந்ததே. அது வளர்ந்து வளர்ந்து, 2018இல் நின்றுபோகும் நிலைக்கு வந்து, கடைசியில் கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவுக்கு மாறி நடந்தது. அக்கம்பக்கத்துக் கொண்டாட்டம் ஒன்று அந்த அளவுக்குப் பெருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு உண்டு.

அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓலோனி திடலும் இப்படி அக்கம்பக்கத்தார் முயற்சியில் வந்ததுதான். 1979இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயிலின் சுரங்கப் பாதைக்காக வீடுகள் அகற்றப்பட்ட நிலத்தில் அது சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. மேலே கட்டடம் எழுப்பத் தோதில்லாத நிலம், மேம்பாலத்தின் அடி, பயன்படாமல் கிடக்கும் சதுக்கத்தின் ஓரம் போன்ற இடங்கள்தாம் நகர நடுவில் இதற்கு வாய்க்கும். இடம் கிடைத்த பிறகு ஆட்களைத் தேடுவதைவிட, குப்பைக் கூடையை யார் காலி செய்வது என்று முறைவைத்துக்கொண்ட பத்துப் பதினைந்து பேர் முதலில் சேர்ந்து, அதற்குப் பிறகு இடம் கேட்டுப் போவதே பலன் தரும். நியூயார்க்கில் அப்படிப் போகும் முதல் வாசல் அந்தந்தப் பகுதியின் சமூக வாரியம். ஈஸ்ட் வில்லேஜுக்கு அது மன்ஹாட்டன் மூன்றாம் வாரியம். வாரியத்தின் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது, ஆலோசனைதான். ஆனாலும் அங்கே எதிர்ப்பைத் தாண்டாத திட்டம் மேலே நகர்வது கடினம்.

எதிர்ப்புக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். குரைப்பொலி, வாடை, புழுதி ஆகியவை ஜன்னலோரத்தில் குடியிருப்பவருக்கு உண்மையான தொல்லைகள். வடிகாலாலும் நேர வரையறையாலும் அவற்றைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1988 ஆகஸ்டில், பூங்காவை இரவில் மூடும் ஊரடங்கு விதியை எதிர்த்தவர்களுக்கும் போலீசாருக்கும் பெரும் மோதல் நடந்த இடம் இது. பூங்காவில் கூடாரமடித்துத் தங்கியிருந்த வீடற்றவர்கள் 1991இல் வெளியேற்றப்பட்டார்கள். பூங்கா 1992 வரை சீரமைப்புக்காக மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் பிறந்த நாய்த் திடலை, வசதியானவர்கள் குடிவந்து வாடகை ஏறப்போவதன் முன்னறிவிப்பாகப் பழைய குடியிருப்பாளர்கள் சிலர் பார்த்ததில் வியப்பில்லை. அவர்கள் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதிக்கு என் பதில், அந்த இருக்கைகளில் காணக் கிடைக்கும் கலவை: வாடகைக் கட்டுப்பாட்டு வீட்டில் காலங்காலமாக இருக்கும் முதியவரும், போன மாதம் குடிவந்த மென்பொருள்காரரும் பெயர்கூடத் தெரியாமல், ஒருவர் நாயின் பெயரை இன்னொருவர் அறிந்து, அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் இடம் அந்தப் பகுதியில் வேறு அதிகமில்லை.

வாஷிங்டன் சதுக்கத்தில் பெரிய நாய்களுக்கும் சிறிய நாய்களுக்கும் தனித்தனித் திடல்கள் இருக்கின்றன. மேடிசன் சதுக்கத்திலும் ஒன்று உண்டு. அலுவலகத்துக்கு அருகில் என்றால் அவை வசதி. நாய்க்குத் தண்ணீர் பிடிக்கும் என்றால் டாம்ப்கின்ஸுக்கே வாருங்கள்.

தடுப்பூசிகள் முடியாத நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டியையும், பருவத்துக்கு வந்திருக்கும் பெட்டை நாயையும் கொண்டுவர வேண்டாம். சட்டைப் பையில் பிஸ்கட்டும் வேண்டாம், அது சண்டையையும் எலியையும் சேர்த்தே அழைக்கும். வார நாட்களில் முற்பகல் அமைதியாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் சேரும், கூச்சமுள்ள நாய்க்கு அது ஏற்ற வேளை அல்ல. சுரங்க ரயிலின் எல் (L) தடத்தில் ஃபர்ஸ்ட் அவென்யூ நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான். நியூயார்க் சுரங்க ரயிலில் நாயைப் பைக்குள்ளோ கூடைக்குள்ளோ வைத்தே ஏற்ற வேண்டும் என்பது விதி. முப்பது கிலோ நாயைப் பைக்குள் புகுத்தித் தோளில் தொங்கவிட்டு வரும் திடகாத்திரர்களையும் பார்த்திருக்கிறேன். நான் நடந்தே போய்விடுகிறேன்.