டீ கிளாஸா, பீக்கரா: விரிசலுக்கு எது தாங்கும்?

திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிற எனக்கு இரண்டு கண்ணாடியும் தினமும் கையில் புழங்கும். கொதிக்கும் சாயத்துக்கு போரோசிலிகேட் (போரான் கலந்த கண்ணாடி) பீக்கர். பதினொரு மணிக்கு டீ கிளாஸ். மார்கழிக் குளிரில் ஒருநாள் டீக்கடை அண்ணன் கேட்டார்: "ஏனுங்க, பச்சத்தண்ணியில கழுவி வெச்ச கிளாஸ்ல சூடா ஊத்துனா படீர்னு போகுதுங்க. உங்க லேப் கிளாஸ் மட்டும் எப்படிங்க நிக்குது?"

இரண்டுக்கும் எலும்பு சிலிக்காதான். ஒவ்வொரு சிலிக்கனையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ, அவை பக்கத்துச் சிலிக்கன்களோடு கைகோத்து வலையாக நிற்கும். டீ கிளாஸில் உருகும் சூட்டைக் குறைக்க 13 முதல் 15 சதவீதம் சோடியம் ஆக்சைடு சேர்க்கிறார்கள். அது வலையின் கைகளை ஆங்காங்கே பிரித்துவிடுகிறது. பிடி தளர்ந்த வலை சூட்டில் அதிகம் விரியும்: ஒரு டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் 9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பீக்கரில் 3.3தான். அதில் சோடியம் ஆக்சைடு 4 சதவீதம் அளவுக்கே இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் போரானுக்குத் துணையாகப் போய்விடுவதால் வலை அறுபடுவதில்லை.

சூடான டீ பட்டதும் உள்பக்கம் விரிகிறது, குளிர்ந்த வெளிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே ஒரு கீறல் இருந்தால் போதும். கண்ணாடியின் பலம் இப்படிப்பட்ட நுண்கீறல்களால்தான் குறைகிறது என்று ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் 1921இல் விளக்கினார். ஈரம் வேறு, கீறலின் நுனியில் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பை அறுத்து விரிசலை மெல்ல நீட்டும். டீ கிளாஸோ எப்போதும் ஈரம்.

கூர்மையான பொருள் அழுத்தும்போதும் வித்தியாசம் உண்டு. பீக்கரின் வலையில் காலி இடம் அதிகம். அழுத்தத்தில் அது நெருங்கிக்கொள்ளும். டீ கிளாஸில் அந்த இடத்தைச் சோடியமும் கால்சியமும் அடைத்திருப்பதால் கண்ணாடி நெருங்காமல் வழுக்கி நகர்கிறது. சுமையை எடுத்த பிறகும் உள்ளே இழுவிசை தங்கி, முனையிலிருந்து விரிசல் ஓடும்.

ஆனால் கீழே விழுந்தால்? அங்கே பீக்கருக்குப் பெரிய பெருமை இல்லை. கிளம்பிவிட்ட விரிசலை எதிர்க்கும் திறன் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் அண்ணனுக்கு நான் சொன்னது டஃபன்டு கிளாஸ். டீ கிளாஸின் அதே சோடியம் கலந்த சோடாக் கண்ணாடிதான், ஆனால் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து மேற்பரப்பை அமுக்கத்தில் வைத்திருப்பார்கள். இழுவிசை அந்த அமுக்கத்தை மீறினால்தான் கீறல் திறக்கும். லேபிலோ, கீறல் விழுந்த பீக்கரை அடுப்பில் ஏற்றவே விடமாட்டேன்.