பழைய கணினிக்கு எது: டாஸ் காலத்து கேமா, புதிய 2டி கேமா?

2 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்று வைத்துக்கொள்வோம்.

இடம்: டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கேம்கள் பெரும்பாலும் சில எம்பிதான். புதிய 2டி கேம்களுக்குச் சில நூறு எம்பி வேண்டும். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமுக்கு 500 எம்பி.

கிராபிக்ஸ்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். படம் எளிமையாக இருந்தால் கேமும் இலகு என்று அர்த்தமில்லை. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் பிந்தைய பதிப்புகளில் செய்தவை டைரக்ட்எக்ஸ் 10-ஐ (விண்டோஸின் கிராபிக்ஸ் தொழில்நுட்பம்) ஆதரிக்கும் கிராபிக்ஸ் சிப் கேட்கும்; இல்லையென்றால் திறக்கவே திறக்காது. ரேம் கூட்டியும் பயனில்லை. 32 பிட் விண்டோஸில் 64 பிட் கேமும் ஓடாது. டாஸ் கேம்களை விண்டோஸில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது பிராசஸரைத்தான் நம்பியிருக்கிறது.

நிறுவுதல்: டாஸ் கேமின் இஎக்ஸ்இ கோப்பை டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் இழுத்துப் போட்டால் போதும். வேகம் தாறுமாறாக இருந்தால் கண்ட்ரோல்+எஃப்12 கூட்டும், கண்ட்ரோல்+எஃப்11 குறைக்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஒலி விட்டுவிட்டு வரும். புதியவற்றுக்கு ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை வசதிதான், ஆனால் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8-க்கு அதன் ஆதரவு இல்லை. ஜிஓஜி என்ற இன்னொரு கடையில் வாங்கினால் இணையமின்றி நிறுவும் கோப்பே கிடைக்கும்.

செலவு: ஓப்பன்டிடிடி (போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கேம்), வெஸ்நாத் (போர் வியூக கேம்) என்ற 2டி கேம்கள் இரண்டும் இலவசம். பழைய பதிப்புகளும் அவற்றின் தளங்களிலேயே உண்டு.

விண்டோஸ் எக்ஸ்பியோடு நிற்கும் கணினிக்கு டாஸ்பாக்ஸ். விண்டோஸ் 10 ஓடுகிறது, கிராபிக்ஸ் சிப்பும் டைரக்ட்எக்ஸ் 10 தாங்கும் என்றால் 2டி கேம்களை வாங்கலாம். முதலில் டெமோ ஓடுகிறதா பாருங்கள்.