ஐஸ் பெட்டியா, ஈரப் பையா? எடைக்குறைப்பு ஊசியோடு திருநெல்வேலிக்கு

சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு அடிக்கடி போய்வருகிறவன் நான். முன்பெல்லாம் திரும்பும்போது அல்வாவுக்கு மட்டும் பையில் இடம் விட்டால் போதும். இப்போது போகும்போதே ஊசிக்கு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசி, ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியது. அதைக் கொண்டுபோகும் வழிகள் பலவற்றையும் பார்த்தாயிற்று. ஒன்றில் மருந்தையே இழந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. 2–8 டிகிரி என்பது மாதக்கணக்கில் சேமித்து வைப்பதற்கு. பயணத்துக்குக் கணக்கு வேறு. மவுன்ஜாரோ என்ற மருந்தின் க்விக்பென் (பேனா வடிவ ஊசி) 30 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் ஃபிரிட்ஜுக்கு வெளியே 30 நாள் தாங்கும். அதே மருந்து ஒற்றை டோஸ் குப்பியாக இருந்தால் 21 நாள். இன்னொரு எடைக்குறைப்பு மருந்தான வெகோவியின் நாலு டோஸ் வரும் பேனா, போட ஆரம்பித்தபிறகு 30 டிகிரிக்குக் கீழே 6 வாரம். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆக, வழியில் நாம் காக்க வேண்டியது 30-ஐத்தான்.

கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் தாளில் 'அறை வெப்பநிலை' என்று எழுதியவர் சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டை மச்சு அறையில் படுத்துப் பார்த்தவர் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். அங்கே மேஜைமேல் பேனாவை வைத்தால் 30 எப்போதோ தாண்டியிருக்கும்.

அதனால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி. எனக்கும் அப்படித்தான். தீபாவளிக்குப் போனபோது ஃபிரீசரில் கல்லாக உறைந்த இரண்டு ஜெல் பேக்குக்கு நடுவில் பேனாவைச் செருகி, பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி பஸ் ஏறினேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இறங்கிப் பிரித்தால் உள்ளே மருந்து உறைந்து நின்றது. உறைந்த மருந்தை உருக்கிப் போடக்கூடாது. உருகியபின் பார்க்கத் தெளிவாகவே இருக்கும் என்பதுதான் வில்லங்கம். ஒரு மாதத்து மருந்து குப்பைக்குப் போனது. வெயிலுக்குப் பயந்து குளிரில் கொன்றேன்.

இந்தப் பெட்டி உதவாது என்று சொல்லவில்லை. மூன்று நாலு புதுப் பேனாக்களை மொத்தமாகக் கொண்டுபோகிறவருக்கு இதுதான் சரி. ஜெல் பேக்கை வெளியே எடுத்துச் சற்று நேரம் வைத்து, மேலே வேர்க்க ஆரம்பித்தபிறகு துண்டில் சுற்ற வேண்டும். பேனா அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், ஐஸைத் தொடவே கூடாது. அகன்ற வாய் ஃபிளாஸ்க் வைத்திருப்பவருக்கும் இதே விதி. கூடுதல் தொல்லை, பல ஃபிளாஸ்க்குகளில் பேனாவின் நீளம் அடங்காது. யூஎஸ்பி கூலரைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. ஸ்லீப்பர் பெட்டியில் சார்ஜிங் பாயின்ட்டுக்குப் பத்துப் பேர் காத்திருக்கும்போது அதை நம்பி யார் ஏறுவது?

எனக்குப் பிடித்தது ஈரப் பை. உள்ளே நீரை உறிஞ்சும் மணிகள் இருக்கும். தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் உப்பி ஜெல்லாகும். அந்த ஈரம் ஆவியாக ஆவியாக உள்ளே குளிரும். காருகுறிச்சி மண்பானை காலங்காலமாகச் செய்கிற வேலைதான். எங்கள் ஆச்சி, வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வராத காலத்தில், இன்சுலின் குப்பியை எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பானைக்குள்தான் வைத்திருந்தாள். பை 2 டிகிரிக்கெல்லாம் போகாது, இருபது இருபத்தைந்தில் நிற்கும். அது போதும். உறைந்துபோகும் என்ற பயம் அறவே இல்லை.

ஆனால் அதற்குக் காற்று வேண்டும். சூட்கேஸுக்குள் பூட்டினால் வெறும் ஈரத்துணி. இன்னொன்று, ஊருக்கு ஊர் அதன் குணம் மாறும். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி பக்கம் மேல்காற்று அடிக்கிற அடியில் பை ஜில்லென்று இருக்கும். திருச்செந்தூர் கடற்கரையில் அதே பை மந்தமாகிவிடும். நம் வேர்வையே காயாத இடத்தில் அது எங்கே காயும்? குற்றாலத்தில் சாரல் விழும்போதும் வேலை செய்யாது. அங்கே அதற்கு வேலையும் இல்லை, வெளியே அவ்வளவு குளுமை. குற்றாலத்தில் பயப்பட வேண்டியது காருக்குத்தான். ஊசியைக் காரில் விட்டு அருவிக்குப் போய், நடுவே ஒரு மணி நேரம் வெயில் அடித்தால் போச்சு.

இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் எல்லாவற்றையும்விட நல்ல வழி, கொண்டுபோகாமலே இருப்பது. வாரம் ஒருமுறை போடும் ஊசிதானே, கிழமையை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு டோஸுக்கு நடுவே மூன்று நாளாவது இடைவெளி வேண்டும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கிளம்புகிற அன்று காலையில் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரைப்பை காலியாவதை மெதுவாக்கும் மருந்து இது. நான் அப்படிப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய், மறுவீட்டுச் சொதியில் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. "என்ன கொழுந்தனாரே, எங்க வீட்டுச் சொதி பிடிக்கலையா?" என்று மதினி கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் கொல்லைப்புறம் ஓடினேன்.

வண்டியைப் பொறுத்தும் தேவை மாறும். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத்தில் போனால் சுமார் எட்டு மணி நேரமும் ஏசிதான். பேனா அட்டைப்பெட்டியோடு கைப்பையில் கிடந்தால் போதும். நெல்லை எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் போனால் ஈரப் பையை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டிவிடுவேன். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு விமானம் என்றால் கைப்பையில் மட்டும். சரக்கு அறையில் போடும் பெட்டிக்குள் வைத்தால் மருந்து உறையக்கூடும். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

எப்படிக் கொண்டுபோனாலும் கடைசியில் வீட்டு ஃபிரிட்ஜுக்குத்தான் வந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். ஃபிரீசருக்கு நேர் கீழே வைத்தால் உறையும், கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சம்புடத்துக்குள் வைத்து, 'மருந்து' என்று எழுதி ஒட்டினேன். விலை கூடின மருந்து என்று அம்மா அதை எடுத்துப் பத்திரமாக ஃபிரீசரில் வைத்துவிட்டாள். நல்லவேளை, ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டேன். இப்போது சம்புடத்தின்மேல் 'மேலே வைக்காதே' என்று எழுதியிருக்கிறேன்.