‘ஃபார்மட் பண்ணினால்தான் இரண்டும் ஏறும்’ என்றால் கணினியைக் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வீட்டுக் கணினியில் விண்டோஸோடு உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கடையில் கொடுத்தேன். காலமான என் அப்பாவின் படங்கள் போய்விட்டன.

மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பாடத்துக்கு உபுண்டு வேண்டுமாம். மனைவியின் தையல் கணக்கெல்லாம் விண்டோஸில். சரி, இரண்டும் இருக்கட்டும், திறக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று டவுனில் ஒரு கடையில் 150 வெள்ளிக்குப் பேசிக் கொடுத்தேன். “டி டிரைவுல குடும்பப் படங்கள் இருக்கு தம்பி, அதத் தொடாதீங்க” என்று இரண்டு முறை சொன்னேன். “கவலப்படாதீங்க அண்ணே” என்றார்.

மறுநாள் வீட்டில் திறந்தால் இரண்டும் வந்தன. டி டிரைவ் காலி. போன் போட்டேன். “ஃபார்மட் பண்ணினாத்தான் அண்ணே ரெண்டும் ஏறும். நீங்க பேக்கப் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிப்பது. அது கட்டாயம் என்பது உண்மையில்லை. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு டிஸ்க்கில் இருக்கிற ஒரு பிரிவைச் சுருக்கி, 50 ஜிபி போல இடம் ஒதுக்கினால் உபுண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்றும்போதே, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா, டிஸ்க்கை முழுசாக அழிக்கவா என்று தனித்தனியாகக் கேட்கிறது. இவர் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டு, அப்புறம் உபுண்டு போட்டிருக்கிறார். அவருக்கு அதுதான் சுலபம். அந்த விண்டோஸும் ஒரிஜினல் இல்லை. ஆக்டிவேட் பண்ணச் சொல்லித் திரையின் மூலையில் எழுத்து வந்து நிற்கிறது.

ஹார்ட் டிஸ்க்கில் அழிந்த படம் உடனே மறைவதில்லை. அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்போதுதான் போகிறது. இது தெரியாமல் பத்து நாள் பயன்படுத்திவிட்டோம். உங்களுக்கு இப்படி நடந்தால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற புது வகைச் சேமிப்பு என்றால் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் இருக்காது. புது லேப்டாப்பில், டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாமல் வைக்கும் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். கடைக்குக் கொடுக்கும் முன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படங்களை வெளி டிஸ்க்கில் ஏற்றாமல் கொடுக்கவே வேண்டாம்.

ஈப்போவில் ஒருவர் கொஞ்சம் மீட்டுத் தந்தார். பெயர்கள் போய் வெறும் எண்களாக வந்தன. அப்பா பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பால்மரத்தடியில் நிற்கும் படம் ஒன்று. முகம் இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம்.

ரசீதில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே வார்த்தைதான். இருந்தாலும் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். அங்கே 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். அது முடியும்வரை கடைப் பெயரை எழுதவில்லை.

எங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் யாரிடமாவது பழைய திருவிழாப் படங்கள் இருந்தால் அனுப்புங்கள். அப்பா வருடா வருடம் காவடி எடுத்தவர். ஏதாவது ஒரு படத்தில் ஓரமாகவாவது நிற்பார்.