நகரசபைகளின் சுகாதார ஆண்டறிக்கைகள்: வெல்கம் சேகரிப்பின் இணையச் சேவை பற்றிய மதிப்பீடு

லண்டன் யூஸ்டன் வீதியில் இயங்கும், மருத்துவ வரலாற்று நூலகமும் அருங்காட்சியகமுமான வெல்கம் சேகரிப்பு, இங்கிலாந்தின் உள்ளூராட்சிச் சபைகளில் கடமையாற்றிய சுகாதார வைத்திய அதிகாரிகள் ஆண்டுதோறும் தத்தம் சபைக்குச் சமர்ப்பித்த அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. 1848 முதல் 1972 வரையான லண்டன் அறிக்கைகள் மட்டுமே 5,500க்கு மேற்பட்டவை. அவை ‘லண்டன்ஸ் பல்ஸ்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. ஏனைய நகரங்களின் அறிக்கைகளும் ஏராளமாக வெல்கம் தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் கிடைக்கின்றன. கட்டணமும் இல்லை, பெயர் பதிய வேண்டியதும் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய இடங்களில் பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர்களும் அப்பணிக்குப் பயிலும் இளையவர்களும் இந்தச் சேவையைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எம்.ஓ.எச். அலுவலகம், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், என்று நாம் நாளாந்தம் சொல்லும் அமைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1847இல் லிவர்பூல் நகரம் டொக்டர் வில்லியம் ஹென்றி டங்கனை சுகாதார வைத்திய அதிகாரியாக நியமித்தது. அடுத்த ஆண்டில் லண்டன் நகரம் ஜோன் சைமனை நியமித்தது. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. எனவே நமது அலுவலகங்களில் மாதாந்த அறிக்கை நிரப்பிப் பழகியவர்களுக்கு இவ்வறிக்கைகளின் ஒழுங்கு புதிதாக இராது: சனத்தொகை, பிறப்பு, சிசு மரணம், அறிவிக்கப்பட்ட தொற்றுநோய்கள், குடிநீர், கழிவு, உணவு, வீடு.

பலர் இத்தொகுப்பைத் திறந்தவுடன் விக்டோரியா காலத்துக் கொலரா அறிக்கைகளைத் தேடிப் போவார்கள். நான் 1950களில் தொடங்கச் சொல்வேன். 1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது வைத்தியசாலைகள் உள்ளூராட்சியின் கையிலிருந்து போயின. சிறு நகரங்களில் தாய் சேய் நலப் பணியும் ‘கவுண்டி’ எனப்படும் பெரும் மாவட்டத்தின் சபையிடம் சேர்ந்தது. நகரத்தின் சுகாதார அதிகாரிக்கு எஞ்சியவை தண்ணீர், வடிகால், உணவு, வாடகை வீடு, எலி, புகை ஆகியவையும் தொற்றுநோய்த் தடுப்பும்தான். அதனாலேயே அக்கால அறிக்கைகளில் சுகாதாரப் பரிசோதகரின் பகுதி விரிந்து, அறிக்கையின் நெஞ்சுப் பகுதியாகவே ஆகிவிடுகிறது. எத்தனை வீடுகள் பார்வையிடப்பட்டன, எத்தனை அறிவித்தல்கள் கொடுக்கப்பட்டன, அவற்றுள் எத்தனைக்குப் பலன் கிடைத்தது என்பவை தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். கொல்கள அட்டவணையில் மாடு, கன்று, ஆடு, பன்றி என்று பிரித்து, காசநோய் காரணமாகக் கழிக்கப்பட்ட இறைச்சியை வேறாகக் காட்டுவார்கள். பால் உரிய வெப்பத்தில் சூடாக்கப்பட்டதா என்பதை பொஸ்பட்டேஸ் சோதனை சொல்லும். ஐஸ்கிறீமை மெதிலீன் நீலச் சாயம் நிறமிழக்க எடுக்கும் நேரத்தைக் கொண்டு நான்கு தரங்களாகப் பிரித்து, எந்தத் தரத்தில் எத்தனை மாதிரிகள் வந்தன என்று பதிவார்கள். வாளி வைத்த மலசலகூடங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன, இவ்வாண்டு எத்தனை நீர் ஊற்றும் முறைக்கு மாற்றப்பட்டன என்ற வரி சில நகரங்களின் அறிக்கைகளில் ஆண்டுக்காண்டு வரும். ஓர் ஆண்டை மட்டும் படித்தால் அது வெறும் எண். பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த எண் எந்த வேகத்தில் குறைந்தது, எந்த ஆண்டில் அசையாமல் நின்றது என்பது தெரியவரும். இச்சேவையின் பெரும் பயன் இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

கிணற்றை நம்பி வாழும் நமக்கு குரொய்டன் நகரத்தின் வரலாறு மிக நெருக்கமானது. 1937இல் அந்நகருக்கு நீர் வழங்கிய ஆடிங்டன் கிணற்றில் திருத்த வேலை நடந்தது. அந்நாட்களில் வடிகட்டலும் குளோரின் இடுதலும் நிறுத்தப்பட்டிருக்க, நீர் மட்டும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் இறங்கிய வேலையாட்களில் ஒருவர் தைபொயிட் கிருமியைத் தம் உடலில் காவியவர். 43 பேர் இறந்தார்கள். திருத்த வேலை பார்த்தவர்களுக்கும் நீரின் தூய்மைக்குப் பொறுப்பானவர்களுக்கும் இடையே தகவல் போகாததே அந்தப் பேரிழப்புக்கு வழிவிட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தின் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கிணறுகளை இறைத்துக் குளோரின் இட வேண்டியிருந்த நாட்களை அறிந்தவர்கள், கிணற்றில் இறங்குபவரின் உடல்நலமும் நீர் திறந்துவிடப்படும் நேரமும் எவ்வளவு முக்கியமானவை என்பதை இந்த ஒரு சம்பவத்திலிருந்தே உணர்ந்துகொள்வார்கள். பயிற்சி வகுப்புகளில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அக்காலத்தில் கணித்தனர். பிற்கால ஆய்வு அதை 12,000 வரை உயர்த்தியது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன் பிறகான அறிக்கைகளில் எந்தெந்தத் தெருக்கள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளாயின என்பது வருகிறது. அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை வீட்டுக்காரர் மானியமாகப் பெறலாம் என்று அச்சட்டம் ஏற்பாடு செய்திருந்தது. தடையோடு பணமும் கூட வந்ததால்தான் அச்சட்டம் வீட்டு அடுப்பு வரை சென்றது என்று நான் கருதுகிறேன். மலசலகூடம் கட்டு என்று அறிவித்தல் கொடுத்துவிட்டு சீமெந்துக்கு வழி காட்டாமல் திரும்பிய எவருக்கும் இது விளங்கும்.

இவ்வறிக்கைகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அதிகாரி தம் சபைக்குத் தாமே எழுதியவை இவை. பார்வையிட்ட வீடுகளின் தொகை, பார்த்த வேலையின் தரத்தைக் காட்டாது. சேரி வீடுகளை இடித்த ஆண்டுகளின் அறிக்கைகளில், வாழத் தகுதியற்றவை என்று முடிவு செய்யப்பட்ட வீடுகளின் கணக்கு இருக்கும். அவ்வீடுகளிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் எங்கே போக விரும்பின, அயலவரை விட்டுப் பிரிந்து எப்படி இருந்தன என்பது அரிதாகவே இருக்கும். 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்கீழ், அசுத்தமான சூழலில் தம்மைத் தாமே பராமரிக்க இயலாமல் வாழ்ந்த முதியவர்களை நீதிமன்றக் கட்டளையுடன் வேறிடத்துக்கு அகற்றவும் சுகாதார அதிகாரியின் சான்று வழிவகுத்தது. இடம்பெயர்வின் வலியை அறிந்த வன்னி வாசகர் இந்தப் பக்கங்களை லண்டன் வாசகரைவிடக் கூர்மையாகப் படிப்பார் என்று நம்புகிறேன்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை சில குறிப்புகள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆயினும் சட்டப் பிரிவுகளைத் தவிர்த்தால் நடை எளிமையானது. பழைய அச்சைக் கணினி வாசித்துத் தரும் எழுத்துவடிவத்தில் அட்டவணைகளின் நிரல்கள் இடம் மாறுவது இயல்பு. ஆதலால் எந்த எண்ணையும் எடுத்தாளும் முன் பக்கத்தின் படத்தோடு ஒப்பிட வேண்டும். படங்கள் கனமானவை, கைத்தொலைபேசித் தரவில் பார்ப்பதைவிட, நூலகத்திலோ பாடசாலையிலோ பீ.டி.எப். கோப்பாக இறக்கிக்கொள்வது சிக்கனம். 1965இல் லண்டனின் நகரப் பிரிவுகள் 32 ஆக மாற்றியமைக்கப்பட்டதால், அதற்கு முந்திய அறிக்கைகளைப் பழைய பெயரில் தேட வேண்டும். அதேபோல் 1956க்கு முன்பு ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’ என்றும் பின்பு ‘பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர்’ என்றும் தேடினால்தான் பரிசோதகரின் பகுதி முழுமையாக அகப்படும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த அறிக்கைகள் அச்சிடப்பட்டன. சபைக்கும் போயின, சுகாதார அமைச்சுக்கும் போயின. ஓரிடத்தில் அழிந்தாலும் வேறோரிடத்தில் பிரதி இருந்தது. நமது பகுதியிலோ, ஊர் விட்டு ஊராக இடம்பெயர்ந்த அலுவலகங்களின் கோவைகள் வழிநெடுகச் சிதறின. மலேரியாவுக்கு மருந்தடித்தவர்களும், பதுங்குகுழிக்கும் மரநிழலுக்கும் இடையில் தடுப்பூசி போட்டவர்களும் எழுதிவைத்த கணக்குகளை இன்று தேடி எடுப்பது மிகக் கடினம். அவர்களுள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளைப் பதிய முன்வரும் மாணவருக்கு, எதை எந்த ஒழுங்கில் கேட்பது என்பதற்கு இவ்வறிக்கைகளின் தலைப்பு வரிசையே போதுமான வினாக்கொத்து.

புதிதாகத் தொடங்குபவர்கள் பல நகரங்களுக்குத் தாவாமல், ஒரே நகரத்தின் 1950 முதல் 1959 வரையான அறிக்கைகளை இறக்கி, முதலில் பரிசோதகரின் பகுதியையும் குடிநீர்ப் பகுதியையும் மட்டும் ஆண்டு வரிசையில் வாசிப்பது நல்லது. மரண அட்டவணைகளைப் பிறகு பார்க்கலாம்.