போட்டிக்கு ஆள் தயார் செய்யும் ஓர் ஆரி வகுப்பு

மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு பிளவுஸ் கடையின் மாடியில் நடக்கும் ஆரி வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் நூலும் மணியும் வைத்துச் செய்யும் எம்பிராய்டரிதான் ஆரி. பெயர் போட வேண்டாம் என்று கடையையும் வகுப்பையும் நடத்தும் அக்காவே சொல்லிவிட்டார். "இருக்குற கூட்டத்துக்கே ஃப்ரேம் பத்தல, நீ வேற எழுதி ஆளைக் கூட்டிட்டு வந்துராத" என்றார். அந்தப் பகுதியில் கல்யாண பிளவுஸ் கொடுத்தவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே தையல் தெரிந்தவர்கள், வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம், பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு இங்கே இருக்கும் கெடுபிடி ஒத்துவராது. அடிப்படை வகுப்புக்கு 6,500 ரூபாய், இரண்டு மாதம், வாரத்தில் மூன்று மதியம். நூல், பீட்ஸ், ஊசி எல்லாம் தனிக் காசு.

சேருவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்தத் தெருவிலேயே, கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், "ஆரி வொர்க் செய்து தரப்படும்" என்று மூன்று போர்டுகள் தொங்குகின்றன. மூன்று பேருமே இந்த அக்காவிடம் படித்துவிட்டுப் போனவர்கள், அதில் ஒருவர் இவருக்கு நேர் எதிர் வரிசையில். பிழைப்புக்கான தொழிலை இப்படி ஊருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு இவர் எப்படிக் கடை நடத்துகிறார்? இல்லை, முக்கியமான பாடத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மேலோட்டமானதை மட்டும் காட்டி அனுப்புகிறாரா? காசு கட்டுகிறவள் இதைத்தானே முதலில் யோசிப்பாள்.

ஏனென்றால் என் நாத்தனாருக்கு வேறோர் இடத்தில் அதுதான் நடந்தது. அங்கே ட்ரேஸிங், அதாவது டிசைனைத் துணியில் இறக்கும் வேலை, முழுவதையும் உள்ளறையில் வைத்து முடித்துவிடுவார்களாம், மாணவிகள் கைக்கு வரும்போது துணியில் டிசைன் தயாராக இருக்கும், அதன்மேல் செயின் ஸ்டிச் போட வேண்டியதுதான் வேலை. கோர்ஸ் முடிந்தது, சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொந்தமாக ஒரு பிளவுஸ் போட உட்கார்ந்தால், கழுத்து வளைவைத் துணியில் எப்படி இறக்குவது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் அங்கேயே திரும்பப் போய், காசு கொடுத்து ட்ரேஸ் போட்டு வாங்கி வருவார். கொஞ்ச நாளில் வெறுத்துப்போய் ஃப்ரேமைப் பரணில் போட்டுவிட்டார்.

இங்கே முதல் வாரமே ட்ரேஸிங்தான். ட்ரேஸிங் பேப்பரில் டிசைனை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்க நெருக்கமாகக் குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் துளைகள் வழியாக வெள்ளைப் புள்ளிகள் துணியில் இறங்கும். வெளிர் நிறத் துணியானால் நீலம் கலக்க வேண்டும். மண்ணெண்ணெய் கொஞ்சம் கூடினாலும் கோடு கசிந்து பரவிவிடும், குறைந்தால் பொடி ஒட்டாமல் உதிரும், அந்தப் பதம் கைக்கு வரும்வரை பழைய துணியில் தேய்க்க வைக்கிறார். பிளவுஸை வெட்டுவதற்கு முன்னாலேயே வேலை செய்வதால், பின்கழுத்தும் முன்கழுத்தும் தோளில் சேரும் இடத்தில் டிசைன் ஒன்றோடொன்று பொருந்துமா, தையலுக்கு எவ்வளவு விட வேண்டும், இரண்டு கைகளிலும் பூ ஒரே உயரத்தில் நிற்குமா என்பதெல்லாம் இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. தொழிலின் உயிர்நாடியே இங்கேதான் என்று சொல்லலாம், அதை அவர் முதல் வாரத்திலேயே தூக்கிக் கொடுத்துவிடுகிறார். தன் டிசைன் பேப்பர்களையும் கேட்டால் தருகிறார், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒழுங்காகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஊசி. யூடியூபில் எல்லாம்தான் இருக்கிறது, ஆரி ஊசியைப் பிடிப்பது எப்படி என்று தமிழிலேயே எத்தனையோ வீடியோக்கள். ஆனால் துணிக்குக் கீழே இடது கை நூலைக் கொடுப்பது கேமராவுக்குத் தெரியாது. ஊசி உள்ளே இறங்கியதும் கொக்கியில் நூலைச் சுற்றிவிட்டு, மேலே இழுக்கும்போது ஊசியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியிலேயே மாட்டிக்கொண்டு பட்டு இழை பிய்ந்து வரும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நம் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டுகிறார். "இழுக்காதம்மா, அதுவா வரும், நீ திருப்பி விடு" என்று அவர் சொல்வதை ஒரு மதியத்துக்குள் பலமுறை கேட்கலாம். கீழே நூல் தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று ஃப்ரேமுக்கு அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிறார். இதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பாதி விஷயம் விளங்கியது: சொல்லிக் கொடுத்தாலும் உடனே கைக்கு வந்துவிடாத வேலை இது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து பழகப் போகிறார்கள்? ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே அவருக்குக் கிடையாது.

மீதிப் பாதி காலண்டரில் இருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது, கடையில் ஈ ஓட்டலாம். ஆவணி பிறந்தால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பிளவுஸ் வேண்டும், பொண்ணுக்கு முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று, பொண்ணோட அம்மாவுக்கு, நாத்தனாருக்கு, அத்தைக்கு. கழுத்திலும் கைகளிலும் நெருக்கமாக வேலை செய்த ஒரு கல்யாண பிளவுஸ் நாள்கணக்கில் ஃப்ரேமில் கிடக்கும். கஸ்டமர் இல்லை என்ற பயம் இந்தத் தொழிலில் மூன்று நாலு மாதம்தான், மற்ற மாதங்களில் பயமெல்லாம் கை பத்தாது என்பதுதான். அதனால் அக்கா ஆடியில் புது பேட்ச் ஆரம்பிக்கிறார். வேலை இல்லாத மாதத்தில் ஃபீஸ் வருகிறது. முகூர்த்த மாதங்களில், முன் பேட்ச்களில் படித்துத் தேறியவர்களுக்கு பிளவுஸைப் பிரித்துக் கொடுத்து ஜாப் வொர்க்காக வாங்கிக்கொள்கிறார். எதிர் வரிசையில் போர்டு மாட்டியிருக்கிறார் என்று சொன்னேனே, அந்தப் பெண்ணுக்குத்தான் ஆவணியில் அதிகமான பிளவுஸ் கைகள் வேலைக்குப் போகின்றன. அவரும் தன் பங்குக்கு, தனக்குக் கைவராத கனமான ஜர்தோசி (சுருள் ஜரிக் கம்பி) வேலை வந்தால் இங்கே அனுப்பிவிடுகிறார்.

இது ஒன்றும் ஊர் அறியாத ரகசியம் கிடையாது. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தூண்களுக்கு இடையே தையல்காரர்கள் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு, போட்டிக்காரன் பக்கத்திலேயே இருப்பதால் வரும் லாபம் தெரியும். ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் தைத்துக் கொடுப்பார் என்ற தைரியத்தில்தான் ஜனம் துணியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. இப்போது அந்தக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அது தனிக் கதை. இந்தப் பக்கம் சிவகாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தொழில் அந்த இரண்டு பேரோடு நிற்கவில்லை, ஊர் முழுக்கப் பரவியது. அவர்களே பின்னால் பிரிந்து தனித்தனியாகத் தொழில் நடத்தினார்கள். வாங்குகிறவன் தேடி வருகிற ஊராக ஆனபிறகு ஆளாளுக்கு வேலை இருந்தது. ஆரியே கூட அப்படி நகர்ந்து வந்ததுதான், குஜராத்தின் கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கும் மோச்சிகள் தோலில் பழகிய கொக்கி ஊசி துணிக்கு வந்து, இன்றைக்குப் பழங்காநத்தம் மாடி வரைக்கும் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்திருந்தால் நமக்கு வந்திருக்காது.

அக்காவிடம் நேராகவே கேட்டேன். "இவளுகளா எனக்குப் போட்டி?" என்று சிரித்தார். அவர் பயப்படுவது கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு. பார்வைக்கு ஓரளவு அதே மாதிரி, ஆகும் நேரம் கொஞ்சம்தான், விலையும் குறைவு. எங்கேயோ அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வந்த ஒருத்தி பசையில் ஸ்டோனை ஒட்டிக் கொடுத்து, மண்டபத்தில் வைத்தே அது உதிர்ந்தால், அந்த வீட்டார் அடுத்த கல்யாணத்துக்கு ஆரியே வேண்டாம் என்று மெஷின் வொர்க்குக்குப் போய்விடுவார்கள், நஷ்டம் எல்லோருக்கும். ஆகவே முடிச்சு எப்படிப் போடுவது, பீட்ஸ் வரிசை முடியும் இடத்தில் நூலைப் பின்பக்கம் எப்படிப் பூட்டுவது என்பதில் அவர் காட்டும் கண்டிப்பு முழுக்க மாணவி மேலுள்ள அக்கறை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தன் தொழிலின் மானத்தைக் காக்கிறார். விலையையும் அப்படித்தான் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நோட்டில் எழுதவே வைக்கிறார். விலை தெரியாத புது ஆள் அடிமாட்டு ரேட்டுக்குப் போட்டுக் கொடுத்தால் தெரு முழுக்க ரேட் இறங்கும், இவருடையதும் சேர்த்து.

மறைப்பதும் உண்டு, இல்லாமல் இருக்குமா. பொருள் எங்கே மொத்தமாக வாங்குகிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பீட்ஸ், ஜரி, ஜர்தோசி எல்லாம் வகுப்பிலேயே விற்கிறார், விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் நானே அலைந்து விசாரித்ததில் சுகர் பீட்ஸ் (பொடி மணி) விலை அங்கே நன்றாகவே குறைவு. கோர்ஸ் முடியும்வரை இங்கேயே வாங்கத்தான் வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம், இதை சேரும்போதே சொல்லியிருக்கலாம். ஜாப் வொர்க் எடுப்பவர்கள் கஸ்டமரோடு நேரடியாகப் பேசக்கூடாது என்பதும் கறாரான விதி. இதில் எனக்குக் குறை இல்லை, கையைக் கொடுத்தவர் வாடிக்கையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஜாப் வொர்க் கூலி சில சமயம் கஸ்டமர் பணம் கொடுத்தபிறகுதான் வருகிறது, முகூர்த்த மாதத்தில் இரவு விழித்து வேலை செய்தவர்களுக்கு அது நியாயமில்லை. அக்காவிடமே சொல்லிவிட்டேன், "பாக்குறேம்மா" என்றார். பார்ப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பின் மற்ற குறைகள்: மாடியில் வெயில், இரண்டே ஃபேன், அதிலும் ட்ரேஸிங் நாளில் பொடி பறக்கும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். நாற்காலி கிடையாது, தரையில் உட்கார்ந்துதான் வேலை, முதுகுவலி உள்ளவர்கள் மேசையில் மாட்டும் ஃப்ரேமை வீட்டிலிருந்து கொண்டு வந்தால் அனுமதிக்கிறார். பேட்ச் பெரிதாக இருக்கும்போது கடைசி வரிசைக்கு அக்கா வந்து சேர்வதற்குள் மணி ஆகிவிடுகிறது, சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடிப்பது உத்தமம். கெட்டிக்காரப் பெண்கள் பக்கம் அவர் அதிக நேரம் உட்காருகிறார் என்ற புகாரும் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆவணியில் யாருக்கு வேலை கொடுக்கலாம் என்று அப்போதே ஆள் பொறுக்குகிறார் என்பது என் அனுமானம்.

சொந்தமாகக் கடை போடும் எண்ணத்தோடு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். கைவேலை முழுசாகக் கிடைக்கும், விலைக் கணக்கு கிடைக்கும், ஆனால் கல்யாண வீட்டுக்காரர்களிடம் பேசி ஆர்டர் பிடிப்பது, அவர்கள் போனில் காட்டும் படத்தில் இருக்கும் டிசைனை அவர்கள் பட்ஜெட்டுக்குள் வெட்டிச் சுருக்குவது, இதெல்லாம் பாடத்தில் இல்லை. கீழே கடையில் அவர் கஸ்டமரோடு பேசும்போது படிக்கட்டில் நின்று கேட்டால் உண்டு. அவர் விரட்டுவதில்லை.

அடுத்த பேட்ச் ஆடியில். பணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம், கேட்டால்தான் சொல்வார். ஊசி மட்டும் வெளியே வாங்கிக்கொண்டு போகலாம், அதற்கு அவர் ஒன்றும் சொல்வதில்லை, நுனி மெல்லியதாக ஒன்றும் கொஞ்சம் தடிமனாக ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் வாரத்தைத் தாண்டுவது கஷ்டம், முன்கூட்டியே சொன்னால் ஜன்னல் ஓரம் இடம் கொடுப்பார்.